தோற்றாலும் மணியடிக்கும் மெஷின்: ஸ்லாட் மெஷின்கள் ஆளை எப்படிப் பிடித்துவைக்கின்றன?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கிளப்புகளுக்குள் ஸ்லாட் மெஷின் (காசு கட்டி ஆடும் சூதாட்ட மெஷின்) வைக்க 1956-ல் சட்டம் அனுமதி கொடுத்தது. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 85,000-க்கு மேற்பட்ட மெஷின்கள் ஓடுகின்றன. அங்கே பேச்சுவழக்கில் அவற்றை 'போக்கீஸ்' என்பார்கள். மக்கள் அவற்றில் இழக்கும் பணம் ஆண்டுக்கு 800 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் இருக்கும் தமிழர்களுக்கு இது பழகிப்போன காட்சி: குடும்பத்தோடு சாப்பிடப் போகும் கிளப்பில், மேசைகளைத் தாண்டி ஒரு தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக மின்னும் திரைகள், ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் தனியாக ஒரு ஆள்.

இந்தத் தொகையைச் செய்தியில் படிக்கும்போது, "தோற்போம் என்று தெரிந்தும் ஏன் ஆடுகிறார்கள்?" என்ற கேள்வி வரும். பேராசை என்று சிலர் சொல்வார்கள், கணக்குத் தெரியாத அறியாமை என்று சிலர். இரண்டும் ஓரளவுக்குத்தான் சரி. பல வருடம் ஆடியவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள் எழுதியதைப் பார்த்தால், கடைசியில் மெஷின்தான் ஜெயிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆரம்பத்தில் ஜெயிக்க வந்தவர்கள் போகப்போக அங்கே உட்கார்ந்திருப்பதற்காகவே வருகிறார்கள். மெஷினும் அதற்கேற்றபடிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஒருவர் எவ்வளவு நேரம் மெஷின் முன்னால் இருக்கிறார் என்பதை இந்தத் தொழிலில் தனியாகவே அளக்கிறார்கள்.

எப்படி இது நடக்கிறது என்பதை மெஷினுக்குள்ளிருந்தே ஆரம்பிக்கலாம்.

பட்டனை அழுத்தியதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது

முதல் ஸ்லாட் மெஷின்கள் முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும்தான். சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்பவர் 1890-களில் செய்த 'லிபர்ட்டி பெல்' அவற்றில் புகழ்பெற்றது. பக்கத்தில் ஒரு கைப்பிடி, உள்ளே மூன்று சக்கரங்கள். சக்கரத்தைத்தான் 'ரீல்' என்கிறார்கள். கைப்பிடியை இழுத்தால் மூன்றும் சுழன்று ஒவ்வொன்றாக நிற்கும். ஒரே படம் மூன்றிலும் வரிசையாக விழுந்தால் காசு. சக்கரம் எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு.

இன்றைய மெஷினில் சக்கரம் எதையும் முடிவு செய்வதில்லை. உள்ளே இருக்கும் கணினிச் சில்லு யாரும் ஆடாத நேரத்திலும் சமவாய்ப்பு எண்களை இடைவிடாமல் உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. பட்டனை அழுத்தும் நொடியில் அங்கே எந்த எண் இருக்கிறதோ அதுவே விளைவு. அதற்கப்புறம் திரையில் ரீல் சுழல்வதும், ஒவ்வொன்றாக நிற்பதும், கடைசி ரீல் மட்டும் கொஞ்சம் தயங்கி நிற்பதும் முடிந்துபோன ஆட்டத்தின் அலங்காரம். சில மெஷின்களில் ரீலை நாமே நிறுத்தலாம் என்று தனிப் பட்டன் இருக்கும். சரியான நேரத்தில் அழுத்தினால் ஜெயிக்கலாம் என்று தோன்றும். அந்தப் பட்டனால் படம்தான் சீக்கிரம் நிற்கும், விளைவு மாறாது. கையில் கட்டுப்பாடு இருக்கிறது என்ற உணர்வு மட்டும் ஆடுபவருக்கு மிஞ்சும்.

ஒவ்வொரு ஆட்டமும் தனி. பத்து முறை தோற்றதால் பதினோராவது முறை வாய்ப்புக் கூடாது. "இந்த மெஷின் ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இப்போது கொடுக்கும்" என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. அதற்கு ஆதாரம் எங்கும் இல்லை.

'90 சதவீதம் திருப்பித் தரும்' என்பதன் கணக்கு

அதிகம் குழப்பும் எண் இது. ஸ்லாட் மெஷினுக்குத் 'திருப்பித் தரும் விகிதம்' என்று ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸில் குறைந்தது 85 சதவீதம், விக்டோரியாவில் 87 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 டாலரோடு போனால் 90 டாலரோடு திரும்பலாம் என்றுதான் இதைப் படிக்கும் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள்.

அந்த விகிதம் கொண்டுபோன பணத்துக்கானதல்ல. வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது. கணக்கு இப்படிப் போகும்:

1. ஒரு ஆட்டத்துக்கு 1 டாலர் பந்தயம். சராசரியாக 90 சென்ட் திரும்பி வரும், 10 சென்ட் போகும்.

2. திரும்பி வந்த 90 சென்ட்டை யாரும் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பதில்லை. அது மெஷினிலேயே கிரெடிட்டாக நிற்கும். அடுத்த பந்தயம் அதிலிருந்துதான்.

3. ஆக 100 டாலர் தீர்வதற்கு, சராசரிக் கணக்கில், 1,000 ஆட்டம் வேண்டும். மொத்தம் 1,000 டாலருக்குப் பந்தயம் கட்டி, அதில் 10 சதவீதமாக 100 டாலரை இழந்திருப்பார்.

4. ஒரு ஆட்டத்துக்கு 3 விநாடி என்றால் 1,000 ஆட்டம் 50 நிமிடத்தில் முடியும். 6 விநாடி என்றால் 1 மணி 40 நிமிடம்.

6 விநாடி ஆட்டம் 3 விநாடி ஆனபோது விகிதம் மாறவே இல்லை, வேகம் மட்டும் இரட்டித்தது. மணிக்கு இழக்கும் தொகையும் இரட்டித்துவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சராசரி என்பது லட்சக்கணக்கான ஆட்டங்களுக்கானது. ஒரு மாலையில் ஒருவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விடலாம், இன்னொருவர் லாபத்தோடு எழுந்து போகலாம். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் மெஷினைச் செய்பவரே முடிவு செய்கிறார். சின்னச் சின்னத் தொகையை அடிக்கடி கொடுக்கும் மெஷினில் பணம் மெதுவாகக் கரையும், ஆள் நீண்ட நேரம் உட்காருவார். வாரத்துக்கு நான்கு நாள் வரும் உள்ளூர் ஆட்களை நம்பி நடக்கும் இடத்துக்கு இந்த வகை ஒத்துவரும்.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, நிச்சயமாகக் கிடைக்கும் பரிசைவிட ஆளை அதிக நேரம் பிடித்துவைக்கும் என்பது உளவியலில் பழைய செய்தி. புறாக்களை வைத்து அதைக் காட்டிய அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரே ஸ்லாட் மெஷினை உதாரணமாகச் சொன்னவர். ஆனால் லாட்டரியிலும் பரிசு எப்போது வரும் என்று தெரியாது. லாட்டரி முன்னால் யாரும் எட்டு மணி நேரம் உட்காருவதில்லை. எனவே இந்த ஒரு விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் போதாது.

கண்ணுக்கு 22, கணக்குக்கு 64

பழைய இரும்பு மெஷினுக்கு ஒரு வரம்பு இருந்தது. ஒரு ரீலில் 22 இடம், மூன்று ரீல் என்றால் மொத்தச் சேர்க்கைகள் 22 × 22 × 22, அதாவது 10,648. ஒவ்வொரு ரீலிலும் ஜாக்பாட் படம் ஒன்றே ஒன்று இருந்தால் 10,648-ல் ஒரு முறை அது விழும். ஒரு டாலர் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய ஜாக்பாட் கொடுத்தால் கடைக்காரருக்கு நஷ்டம். பெரிய பரிசு வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். சக்கரம் பெரிதானால் ஆடுபவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த வரம்பை உடைத்தவர் டெல்னஸ் (Inge Telnaes) என்ற கண்டுபிடிப்பாளர். அவருடைய கண்டுபிடிப்புக்கு 1984-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. யோசனை எளிமையானது: வெளியே தெரியும் ரீலில் 22 இடமே இருக்கட்டும். உள்ளே கணினியில், உதாரணத்துக்கு, 64 எண் கொண்ட கற்பனை ரீல் ஒன்று இருக்கும். அந்த 64-ல் எந்தெந்த எண் வெளியே எந்த இடத்துக்குப் போகும் என்று ஒரு பட்டியல். ஜாக்பாட் படத்துக்கு ஒரே ஒரு எண். இப்போது மூன்று ரீலிலும் ஜாக்பாட் விழும் வாய்ப்பு 64 × 64 × 64-ல் ஒன்று, அதாவது 2,62,144-ல் ஒன்று. கண் பார்ப்பது 22, நடக்கும் கணக்கு 64.

விஷயம் இதோடு முடியவில்லை. இந்த ரீல்களில் படம், வெற்றிடம், படம், வெற்றிடம் என்று மாறி மாறி வரும். ஜாக்பாட் படத்துக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு வெற்றிடங்களுக்கு ஆளுக்கு ஐந்து எண் ஒதுக்கினால் என்ன ஆகும்? ஜாக்பாட் படம் பரிசுக்கான நடுக்கோட்டில் விழுவது 64-ல் 1 முறை. கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ வந்து நிற்பது 64-ல் 10 முறை. நேர்மையான சக்கரத்தில் இந்த வித்தியாசம் இரண்டு மடங்குதான் இருக்கும், இங்கே பத்து மடங்கு. "மயிரிழையில் தவறிப்போச்சே" என்று ஆடுபவர் தலையில் கை வைப்பதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலின் வேலை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் இதில் எடுத்த நிலைப்பாடு விசித்திரமானது. 1980-களின் இறுதியில் யுனிவர்சல் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மெஷின்கள் மேல் புகார் வந்தது. அந்த மெஷின் முதலில் "இது தோல்வி" என்று முடிவெடுக்கும், பிறகு அந்தத் தோல்வியை மயிரிழைத் தோல்விபோலக் காட்டும். ஒழுங்குமுறை ஆணையம் இது கூடாது என்றது. ஆனால் மேலே சொன்ன கற்பனை ரீல் பட்டியலுக்குத் தடை வரவில்லை. விளைவை முடிவு செய்தபின் காட்சியை மாற்றினால் ஏமாற்று, காட்சியும் சேர்ந்தே வரும்படி முதலிலேயே பட்டியல் போட்டுவிட்டால் வடிவமைப்பு. ஆடுபவர் பார்ப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

இது மனத்தில் என்ன செய்கிறது? உளவியல் ஆய்வாளர் லூக் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், வெற்றி வரும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் மயிரிழைத் தோல்வியிலும் வேலை செய்தன. ஆடியவர்கள் அந்தத் தோல்வி சாதாரணத் தோல்வியைவிட எரிச்சலாக இருந்தது என்றார்கள். ஆனாலும், படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த ஆட்டங்களில், இன்னொரு முறை ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆசை கூடுவது வேறு, உண்மையில் அதிக நேரம் ஆடுவது வேறு. இரண்டாவதைச் சோதித்த பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் பலன் அவ்வளவு தெளிவாக வரவில்லை. சூதாட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் மயிரிழைத் தோல்வியைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்கிறார்கள். இதைவிட ஆழமாக வேலை செய்வது அடுத்துச் சொல்லப்போவது.

வெற்றி வேஷம் போட்ட தோல்வி

1990-களில் ஆஸ்திரேலிய நிறுவனங்கள் பல கோடு மெஷின்களைப் பெரிய அளவில் கொண்டுவந்தன. மூன்று ரீலும் நடுவில் ஒரே கோடும் இருந்த இடத்தில் ஐந்து ரீல், திரையில் குறுக்கும் நெடுக்குமாக 20, 25, 50 கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகப் பந்தயம் வைக்கலாம். ஒரு கோட்டுக்கு 5 சென்ட், 20 கோட்டுக்கு 1 டாலர்.

இப்போது ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம். 20 கோட்டில் 19 தோற்றது. ஒரு கோட்டில் மட்டும் 30 சென்ட் விழுந்தது. ஆடியவர் 1 டாலர் கொடுத்து 30 சென்ட் வாங்கியிருக்கிறார், 70 சென்ட் நஷ்டம். மெஷின் என்ன செய்யும்? விழுந்த கோடு பளிச்சிடும். இசை எழும். கிரெடிட் எண் ஏறும். எல்லாம் உண்மையான வெற்றிக்கு நடப்பதுபோலவே நடக்கும். இதை 'வேஷத் தோல்வி' என்று வைத்துக்கொள்வோம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சன், கெவின் ஹாரிகன் ஆகியோரின் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது. 2010-ல் வந்த ஆய்வில், புதிதாக ஆடுபவர்களின் தோலில் ஏற்படும் மிக மெல்லிய வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். மனம் பரபரப்படைந்தால் அது கூடும். வேஷத் தோல்வியின்போது வந்த மாற்றம் சாதாரணத் தோல்வியைவிட அதிகமாக, உண்மை வெற்றிக்கு வருவதைப்போலவே இருந்தது. உடம்பு அதை வெற்றியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பின்னால் நடந்த சோதனைகளில், ஆடி முடித்தபின் "எத்தனை முறை ஜெயித்தீர்கள்?" என்று கேட்டால் வேஷத் தோல்விகளையும் சேர்த்து எண்ணிக் கூட்டிச் சொன்னார்கள்.

இந்தக் குழு செய்த இன்னொரு சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வேஷத் தோல்வி வரும்போது இசையை எடுத்துவிட்டு, தோல்வியைக் காட்டும் சத்தம் ஒன்றை வைத்தார்கள். உடனே பெரும்பாலானோர் அதைத் தோல்வி என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். பாடம் எடுக்கவில்லை, எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை, நிகழ்தகவு சொல்லித்தரவில்லை. சத்தத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது. மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்ற வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது. திரையில் எண்கள் எல்லாமே இருந்தன, மெஷினின் சத்தம் அவற்றுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது.

பல கோடு மெஷினில் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு கோடு மெஷினில் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து வெறுமையான ஆட்டம் வரும். அந்த வெறுமை சலிப்பைக் கொடுக்கும், சலிப்பு வந்தால் ஆள் எழுந்து போவார். பல கோட்டில் அப்படி நீண்ட வெறுமை அபூர்வம். சில ஆட்டங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒளிரும்.

நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன வரலாறு

யோசிப்பதற்கு ஒரு இடைவெளி வேண்டும். மெஷினின் வரலாற்றை அந்த இடைவெளிகள் அழிந்த வரலாறாகவும் வாசிக்கலாம்.

1. கைப்பிடியை இழுக்க உடலுழைப்பு வேண்டும். பட்டன் வந்ததும் விரலை எடுக்கவே தேவையில்லை.

2. முன்பு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாணயம் போட வேண்டும். பெரிய பரிசு விழுந்தால் பணியாளர் வந்து எண்ணிக் கொடுப்பார். 1960-களில் பாலி நிறுவனம் கொண்டுவந்த மின்சார மெஷின் பரிசைத் தானே கொட்டியது. அதற்குப் பின் நோட்டு வாங்கும் துளை, அப்புறம் காகிதச் சீட்டு, சில இடங்களில் அட்டை.

3. பணம் கிரெடிட் ஆனது. 50 டாலரை உள்ளே விட்டால், ஒரு சென்ட் மெஷினில் 5,000 என்று தெரியும். 80 கிரெடிட் போனது என்றால் யாருக்கும் உறைக்காது.

4. வெற்றியும் வெளியே வராமல் கிரெடிட்டாகவே நிற்பதால் 'பணத்தை எடுத்துக்கொள்வது' தனியாக ஒரு முடிவாகிவிட்டது. தொடர்வதற்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை, நிறுத்தத்தான் எடுக்க வேண்டும்.

5. இலவசச் சுழற்சிகள். குறிப்பிட்ட படங்கள் சேர்ந்தால் பந்தயம் இல்லாமல் பத்துப் பதினைந்து ஆட்டம் கிடைக்கும். பலர் ஜாக்பாட்டை விட்டுவிட்டு இதற்காகவே காத்திருப்பார்கள். இதற்கு 'ஃபீச்சர்' என்று பெயர். "ஒரு ஃபீச்சர் வந்ததும் போய்விடுகிறேன்" என்பது கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போடும் வழக்கமான வசனம்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை எல்லாம் வசதிகள். ஆட்டோமேட்டிக் கதவில் யாரும் குறை காணமாட்டார்கள். சேர்த்துப் பார்த்தால், எழுந்திருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளும் ஒவ்வொரு சந்தர்ப்பமும் நீக்கப்பட்டிருக்கிறது.

லயிப்பு: ஜெயித்தால்கூட எரிச்சல் வரும் நிலை

லாஸ் வேகஸில் பல வருடம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் நடாஷா டவ் ஷூல், அங்கே தினசரி ஆடுபவர்கள் விவரிக்கும் ஒரு நிலையைப் பதிவு செய்தார். அதை அவர்கள் 'ஸோன்' என்கிறார்கள். நேரம் தெரிவதில்லை. பசி, கழிவறை, பக்கத்தில் நிற்கும் மனிதர், வீட்டுக் கவலை எதுவும் தெரிவதில்லை. கையும் திரையும் மட்டும். சிலருக்கு அந்த நிலையில் பெரிய வெற்றி வந்தால்கூட எரிச்சல், ஏனென்றால் அது ஓட்டத்தை நிறுத்துகிறது.

இதைச் சோதனைக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் நடந்த ஒரு ஆய்வில் ஸ்லாட் மெஷினின் இரு பக்கமும் திரை வைத்து, அதில் வடிவங்கள் மாறும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். சூதாட்டச் சிக்கலுக்கான அறிகுறிகள் அதிகம் உள்ளவர்கள் அந்த மாற்றங்களை அதிகம் தவறவிட்டார்கள். கவனம் அவ்வளவு குறுகியிருந்தது.

ஓவியம் வரைபவருக்கும் வீணை வாசிப்பவருக்கும் வரும் லயிப்புதானே இது என்று கேட்கலாம். அனுபவத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் வீணையில் லயிக்க முதலில் பழக வேண்டும், திறமையும் சவாலும் சேர்ந்தே வளர வேண்டும். மெஷின் எதையும் கேட்பதில்லை. முதல் நாளே, முதல் ஐந்து நிமிடத்திலேயே லயிப்பு கிடைக்கலாம். வாட்டர்லூ குழு இதை 'இருண்ட லயிப்பு' என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தது. ஒரு கோடு ஆட்டத்தைவிடப் பல கோடு ஆட்டத்தில் இது அதிகம் வருகிறது. மனச்சோர்வு உள்ளவர்களை இது இன்னும் பலமாக இழுக்கிறது. அவர்களுக்கு மனம் ஒரு நொடி சும்மா இருந்தாலே கவலைகள் வந்து நிற்கும். மெஷின் அந்த ஒரு நொடியைக் கொடுப்பதில்லை.

இவ்வளவு தூரம் வந்தபின் "பேராசை" என்ற விளக்கம் பொருந்தவில்லை. பணம் அவர்களுக்கு அங்கே இருப்பதற்கான எரிபொருள். அது தீரும் வரை ஆட்டம்.

சிகிச்சை தேடி வந்தவர்களிடம் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பிரீன் செய்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. வழக்கமாக ஆடத் தொடங்கியதிலிருந்து கட்டுப்பாடு இழக்கும் வரை மெஷின் ஆடியவர்களுக்குச் சராசரியாக ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆனது. குதிரைப் பந்தயம், சீட்டு போன்ற பழைய வகைகளில் மூன்றரை வருடம். ஆய்வு சிறியதுதான், ஆனால் வித்தியாசம் பெரியது.

திறமையா, அதிர்ஷ்டமா?

சூதாட்டத்தைச் சட்டம் வேறு கோணத்தில் பார்க்கிறது. இந்தியாவில் பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி, ஒரு ஆட்டம் திறமையால் நடக்கிறதா அதிர்ஷ்டத்தால் நடக்கிறதா என்பது. ஸ்லாட் மெஷின் விஷயத்தில் விடை சுலபம், முழுக்க அதிர்ஷ்டம். எனவே கோவா, சிக்கிம் போன்ற சில இடங்களைத் தவிர அதற்கு இடமில்லாமல் இருந்தது. ஆன்லைன் ரம்மி வந்தபோது இந்தக் கேள்வி தடுமாறியது. தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

ஆனால் இந்தக் கட்டுரையில் பார்த்த வேகம், இடைவெளியின்மை, பணத்தைப் புள்ளியாக்குவது ஆகிய எதற்கும் திறமை–அதிர்ஷ்டம் என்ற பிரிவினை பொருட்டே அல்ல. திறமை வேண்டியிருக்கும் சீட்டாட்டத்தையும் செல்போனில் ஒரு கை முடிந்ததும் அடுத்த கை என்று இடைவெளி இல்லாமல் ஓட்டலாம். தமிழ்நாட்டில் பிறகு வந்த விதிகள் அந்தத் திசையில் திரும்பின: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடத் தடை. அதை 2025 ஜூனில் உயர் நீதிமன்றமும் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. தடை சரியா என்பது தனி விவாதம். நேரத்தையும் இடைவெளியையும் தொட்ட அந்த நள்ளிரவு விதி மெஷின் வேலை செய்யும் இடத்துக்கு நெருக்கமானது.

மெஷினை மாற்றினால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லா மாற்றத்துக்கும் அல்ல. சிட்னியில் 2000-களின் தொடக்கத்தில், நிஜக் கிளப்புகளிலும் பப்புகளிலும் மாற்றியமைத்த மெஷின்களை வைத்துச் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ரீலை மெதுவாக்குவது, பெரிய நோட்டை வாங்காமல் விடுவது, அதிகபட்சப் பந்தயத்தை 1 டாலராகக் குறைப்பது என்று மூன்று வழிகள். பந்தயக் குறைப்புக்குத்தான் தெளிவான பலன் தெரிந்தது. குறைந்த நேரம் ஆடினார்கள், குறைவாக இழந்தார்கள். மற்ற இரண்டுக்கும் அவ்வளவு ஆதாரம் கிடைக்கவில்லை.

2010-ல் ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் இதே 1 டாலர் வரம்பைப் பரிந்துரைத்தது. மெஷின்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களிடமிருந்து வருகிறது என்பது அதன் மதிப்பீடு (22 முதல் 60 வரை இருக்கலாம் என்று வரம்பும் சொன்னது). வரம்பு ஏன் இன்னும் நாடு முழுக்க வரவில்லை என்பதற்கு இந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. அதே ஆண்டு, ஆட்டத்துக்கு முன்பே இழப்பு வரம்பைக் குறிக்கும் முறையைக் கொண்டுவருவதாக அன்றைய பிரதமர் ஜூலியா கில்லார்டின் சிறுபான்மை அரசு, சுயேச்சை உறுப்பினர் ஆண்ட்ரூ வில்கியிடம் ஒப்பந்தம் போட்டது. கிளப்புகள் பெரும் பிரசாரம் நடத்தின. 2012 ஜனவரியில் அரசு பின்வாங்கியது, வில்கி ஆதரவை விலக்கிக்கொண்டார்.

நீதிமன்ற வழியும் முயலப்பட்டது. 'டால்பின் ட்ரெஷர்' என்ற மெஷினில் மற்ற ரீல்கள் ஒரு அளவிலும் கடைசி ரீல் அதைவிட நீளமாகவும் இருப்பது ஆடுபவரை ஏமாற்றுகிறது என்று, பல வருடம் ஆடிப் பணம் இழந்த ஒரு பெண் அதைச் செய்த அரிஸ்டோகிராட் நிறுவனத்தின் மீதும் கிரவுன் காசினோ மீதும் வழக்குப் போட்டார். 2018-ல் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நார்வே வேறு வழியில் போனது. 2006-ல் மெஷின்களில் நோட்டுப் போடுவதைத் தடுத்தது. 2007-ல் எல்லா மெஷின்களையும் அகற்றியது. ஆடுபவர்கள் வேறு சூதாட்டத்துக்குத் தாவிவிடுவார்கள் என்ற பயம் பெரிய அளவில் உண்மையாகவில்லை. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. 2009 முதல் அரசு நிறுவனத்தின் புதிய மெஷின்கள் வந்தன. அவற்றில் ஆடத் தனிநபர் அட்டை கட்டாயம், ஒரு நாளுக்கும் மாதத்துக்கும் இழப்பு வரம்பு உண்டு, தொடர்ந்து ஆடினால் கட்டாய இடைவேளை.

பிரிட்டனில் 2021 அக்டோபரிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 விநாடி வேண்டும். தானாக ஆடும் வசதி கிடையாது. வைத்த பந்தயத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பி வரும்போது கொண்டாட்ட ஒலி, ஒளி கூடாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தும் டாஸ்மேனியாவும் கிளப் மெஷின்களிலேயே வேஷத் தோல்வியின் கொண்டாட்டத்தைத் தடுத்திருக்கின்றன. மெஷின்கள் அதிகம் உள்ள நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜூலையிலிருந்து ஒரு மெஷினுக்குள் ஒரே நேரத்தில் விடக்கூடிய ரொக்கம் 5,000 டாலரிலிருந்து 500 டாலராகக் குறைந்தது. அந்த விதி புதிதாக வாங்கும் மெஷின்களுக்கு மட்டும். கிளப்புகளிலும் பப்புகளிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை, மாற்றப்படும் வரை, பழைய வரம்பிலேயே பணம் வாங்கிக்கொண்டிருக்கும்.